டிராஃபிப் பட்டியலை எப்போது திறப்பது?

'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற வீடியோ கேமில் ஹைக்கூ எழுதும் இடங்கள் உண்டு. காட்சி நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் நாயகன் ஜின் உட்காருவான். நாம் பார்வையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ற வரி ஒன்று கிடைக்கும். மூன்று முறை திருப்பினால் மூன்று வரிக் கவிதை முடிந்துவிடும். முதல் தடவை அங்கே நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எந்த வரிக்குப் பின் எந்த வரி வந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். ஒரு வரியை எடுக்கப் போய், வேண்டாம் என்று மீண்டும் சுற்றிப் பார்த்தேன்.

பத்தாவது இடத்துக்குப் போனபோது கையில் ஒரு கணக்கு இருந்தது. மொத்தம் 19 ஹைக்கூ, இதற்குப் பின் இன்னும் ஒன்பது பாக்கி. உட்கார்ந்ததும் எதிரில் என்ன தெரிந்ததோ அதையே மூன்று முறையும் அழுத்தினேன். தலையில் கட்டும் பட்டை பரிசாகக் கிடைத்தது, எழுந்து குதிரை ஏறிவிட்டேன். அந்தக் கவிதை எதைப் பற்றியது என்று அன்று இரவே எனக்கு நினைவில்லை.

கேம் மாறவில்லை, கதை நடக்கும் தீவும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது ஒன்றுதான்: டிராஃபிப் பட்டியலையும் சேகரிப்புக் கணக்கையும் திறந்து பார்த்தேன். டிராஃபி என்பது கேமுக்குள் குறிப்பிட்ட ஒன்றைச் செய்து முடித்தால் பிளேஸ்டேஷன் தரும் அடையாளம்; மற்ற இடங்களில் அதற்குப் பெயர் அச்சீவ்மென்ட். அதன்பின் என் கண் தேடியதெல்லாம் எண்ணிக்கையைத்தான். அச்சீவ்மென்ட் நல்லதா கெட்டதா என்று நண்பர்கள் வாதாடும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, கேள்வியே வேறு என்பதுதான். அதை எப்போது பார்ப்பது? ஓபன் வேர்ல்ட் கேம், அதாவது ஒரு பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றவிடும் கேம் ஒன்றை இன்று தொடங்கப் போகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதல் நாளிலிருந்தே பட்டியலோடு விளையாடலாம். கடைசி வரை அதைத் தொடாமலே இருக்கலாம். கதை முடிந்த பிறகு திறக்கலாம். அல்லது, பின்னால் திரும்பிப் போய் எடுக்கவே முடியாதவற்றை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொண்டு மற்றதை விட்டுவிடலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு எது சரிப்பட்டது, எந்த கேமுக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஒளித்து வைத்ததைத் தேடி அலைவது அச்சீவ்மென்ட் வந்த பிறகு பிறந்த பழக்கம் இல்லை. 2004-இல் வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்'-இலேயே சுவரில் அடிக்க 100 ஸ்பிரே டேக், கடலடியில் 50 சிப்பி, அங்கங்கே 50 குதிரை லாடம் என்று வைத்திருந்தார்கள். சுவர்களை எல்லாம் முடித்தால் நாயகனின் வீட்டிலேயே துப்பாக்கிகள் வந்து கிடக்கும். தேடியதற்கான கூலி அந்த உலகத்துக்குள்ளேயே கிடைத்தது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தபோது அச்சீவ்மென்டும், அதற்கான புள்ளிக் கணக்கான கேமர்ஸ்கோரும் வந்தன. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் 2007-இலும் பிளேஸ்டேஷன் 3 2008-இலும் அதே வழிக்கு வந்தன. அப்போதுதான் கூலி கேமை விட்டு வெளியே வந்தது, நம் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணாக. முதல் 'அசாசின்ஸ் க்ரீட்' ஊர் ஊராக 420 கொடிகளை வைத்திருந்தது. எக்ஸ்பாக்ஸில் அவற்றைச் சேர்த்தால் அச்சீவ்மென்ட் உண்டு. பிளேஸ்டேஷன் 3 பதிப்பில் டிராஃபியே கிடையாது. கொடியும் ஒன்றுதான், ஏறும் சுவரும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு வீட்டில் இரண்டு பேர் அதை ஒரே மனநிலையில் தேடியிருக்க மாட்டார்கள்.

பட்டியலோடு தொடங்குவது

இந்த வழிக்கு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 மணி நேரம் கேட்கும் ஒரு உலகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவருக்குப் பட்டியல் ஒரு கைப்பிடி. பட்டியல் இல்லாவிட்டால் நாம் எட்டியே பார்த்திருக்காத மூலைக்கு அது நம்மை அனுப்பும். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-இல் 'ஃபிரெண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்' என்று ஒரு டிராஃபி உண்டு. நாயகனின் கொள்ளைக் கும்பல் கூடாரம் போடும் ஒவ்வொரு முகாமிலும் கூட இருப்பவர் யாரோடாவது ஏதாவதொரு வேலைக்கோ பொழுதுபோக்குக்கோ போக வேண்டும். கதையை மட்டும் துரத்துகிறவர் முகாமில் தூங்கி எழுந்து கிளம்பிவிடுவார். இந்த டிராஃபி அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு சகாவோடு மீன்பிடிக்க அனுப்புகிறது. போகிற வழியில் அவர்கள் பேசுவதைக் கேட்ட பிறகு, கதையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி வலிக்கும். இப்படிப்பட்ட அச்சீவ்மென்டை எழுதியவருக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. 'ஸ்கைரிம்' விளையாடியவர்களுக்கு 'ஆப்லிவியன் வாக்கர்' தெரியும். டேட்ரா எனப்படும் தெய்வங்கள் தரும் பொருள்களில் 15-ஐச் சேர்க்க வேண்டும். நமீராவின் மோதிரம் வேண்டுமென்றால், நல்லவரான ஒரு பூசாரியிடம் நயமாகப் பேசிக் குகைக்கு அழைத்துப்போய், அவரைக் கொன்று, தின்னவும் வேண்டும். பொயீதியாவின் கவசத்துக்கு, நம்மை நம்பிக் கூடவே வரும் துணை ஒருவரைப் பலி கொடுக்க வேண்டும். கொடூரமான பாத்திரமாக விளையாட ஆசைப்படுகிறவருக்கு அது சுவையான கதை. ஆனால் 40 மணி நேரமாக ஒரு நேர்மையான வீராங்கனையை உருவாக்கி வந்தவர் இங்கே என்ன செய்வார்? பட்டியலைப் பார்க்காதவர் பூசாரியைத் தப்பிக்க விட்டுவிட்டு, அந்தக் குகைக்காரர்களை வெட்டிச் சாய்ப்பார். அவள் அப்படிப்பட்டவள் என்பது அந்த நிமிடத்தில் அவருக்கே தெரியவரும். பட்டியலைப் பார்த்தவர் பூசாரியைத் தின்றுவிட்டு அடுத்த பொருளுக்குப் போவார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் முடிவு அவர் எடுத்ததாக இருக்காது. ஒரு பாத்திரமாகவே மாறி விளையாடும் ரோல்பிளே கேமில் இதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தெரியவில்லை.

கைடு வைத்துக்கொண்டு விளையாடுவதும் இந்த வழியில்தான் சேரும். இரண்டாவது திரையில் மேப்பைத் திறந்து, எடுத்ததை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவோம். ஒரு குன்றுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்ற ஆசைதான் ஓபன் வேர்ல்டின் உயிர். கைடு குன்றுக்குப் பின்னால் இருப்பதை முன்பே சொல்லிவிடுகிறது. மிச்சமிருப்பது நடை மட்டும்தான்.

இதற்கு உளவியலில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்தது. தேர்ந்தெடுத்ததே வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத்தான். சிலரிடம், வரைந்தால் ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல் கடைசியில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே சொல்லிவைத்த குழுவின் ஆசை கணிசமாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

கேம் விளையாடுகிறவர் எல்லோருக்கும் இந்தக் கடைசி வரி உடனே புரியும். எதையோ செய்துகொண்டிருக்கும்போது, நாம் நினைத்தே பார்க்காத நேரத்தில், திரையின் ஓரத்தில் 'டிங்' என்று ஒரு டிராஃபி விழும்போது வரும் சந்தோஷம் தனி. 'அட, இதையும் கவனித்திருக்கிறார்களா' என்று தோன்றும். அதே டிராஃபியை மூன்று மணி நேரம் திட்டம் போட்டு எடுத்தால் வருவது பெரும்பாலும் 'அப்பாடா, இது முடிந்தது' என்ற நிம்மதிதான்.

தொடவே தொடாமல் இருப்பது

வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லாமல். 'ரெட் டெட் 2'-இன் கதையை மட்டும் முடிக்கவே ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும். 100 சதவீதம் தொட வேண்டுமென்றால் அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும். அந்த நேரத்தில் வேறு இரண்டு உலகங்களைப் பார்த்துவிடலாம்.

நின்டெண்டோ ஸ்விட்சில் கன்சோலுக்கென்று பொதுவான அச்சீவ்மென்ட் முறையே இல்லை. அதனால் 2017-இல் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' வந்தபோது, அதை அந்தக் கன்சோலில் விளையாடிய எல்லோருமே கேட்காமலே இந்த வழியில்தான் நடந்தார்கள். அதில் 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு கல்லைத் தூக்கினால் ஒன்று, வட்டமாக இருக்கும் கற்களில் விடுபட்ட இடத்தை நிரப்பினால் ஒன்று. பையின் இடங்களை முழுவதும் பெரிதாக்க 441 போதும். மீதி 459 எதற்கு? நாம் எந்தத் திசையில் போனாலும் போதுமான அளவுக்கு எதிர்ப்பட வேண்டும் என்பதற்குத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் எல்லாவற்றையும் எடுக்க வைத்தது போலத் தெரியவில்லை. 900-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்தால், விதைகளை வாங்கிக்கொண்டு பையைப் பெரிதாக்கும் பாத்திரமான ஹெஸ்டு தருவது சாணி வடிவத்தில் ஒரு தங்க நிறப் பொருள். அதைக் கையில் கொடுத்து, போதும் கிளம்பு என்று சொல்வது போலத்தான் இருக்கும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு குறை உண்டு. கதை முடிந்தும் அந்த உலகத்தை விட்டுப் போக மனமில்லாத நேரம் வரும். அப்போது எந்தக் காரணமும் இல்லாமல் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டு மாலைக்குள் அலுத்துவிடும். ஒரு சாக்கு வேண்டியிருக்கும்.

முடித்த பிறகு திறப்பது

அந்தச் சாக்குதான் பட்டியல். நான் எல்லா கேமுக்கும் முதலில் யோசிப்பது இந்த மூன்றாவது வழியைத்தான். நல்ல கேம்கள் சில தாமே இதைத்தான் கேட்கின்றன என்பதைக் கவனித்தால் தெரியும். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'-இல் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறோம் என்ற எண், கடைசி எதிரியான கேனனை வீழ்த்தும் வரை மேப்பில் வரவே வராது. முடித்தவருக்குத்தான் அது தெரியும். 'ரெட் டெட் 2'-இல் கதை மிஷன்களுக்குத் தங்கப் பதக்க நிபந்தனைகள் உண்டு: இத்தனை நிமிடத்துக்குள் முடி, இத்தனை பேரைத் தலையில் சுடு என்று. ஒரு மிஷனை ஒருமுறை முடிக்கும் வரை அதன் நிபந்தனைகளை மெனு காட்டாது. முதலில் அந்தக் கதையை வாழ்ந்துவிட்டு வா, அப்புறம் போட்டி போடலாம் என்கிறது கேம். கைடில் அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டு மிஷனுக்குள் போகிறவர், வண்டியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வரும்போது பேச்சைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே கேமில், சாலையோரத்தில் பாம்பு கடித்து ஒருவன் கிடப்பான். இறங்கிப் போய் விஷத்தை உறிஞ்சித் துப்பலாம், மருந்து கொடுக்கலாம், கண்டுகொள்ளாமல் போகலாம். காப்பாற்றினால் பிறகொரு நாள் ஊரில் துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் அவன் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள், காசு நான் தருகிறேன் என்பான். அதற்கென்று தனி டிராஃபி கிடையாது. நான் முதல் தடவை, பட்டியலே தெரியாத நாள்களில், அவனைக் காப்பாற்றினேன். இன்னொரு தடவை, ஒரு குறிப்பிட்ட விலங்கைத் தேடிப் போகும் வழியில் யாரோ உதவிக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. குதிரையை நிறுத்தவில்லை. விலங்கு கிடைத்தது. அந்தக் குரல் யாருடையது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

முதல் சுற்றில் பட்டியல் இல்லாமல் போனால், இந்தக் குரல்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். இரண்டாவது சுற்றில் வேட்டைக்குப் போகலாம். அதற்குள் அந்த நிலம் நமக்குத் தெரிந்த இடமாகியிருக்கும். அதனால் பட்டியல் எதையும் கெடுக்காது. தெரிந்த ஊருக்கு மறுபடி போக ஒரு காரணம் கிடைத்தது போலத்தான்.

தவறவிட்டால் திரும்பாதவை

மூன்றாவது வழிக்கு ஒரு ஓட்டை உண்டு. சில டிராஃபிகளைக் கதையின் குறிப்பிட்ட கட்டத்துக்குள் எடுக்காவிட்டால் அந்தச் சுற்றில் போனதுதான். மேலே சொன்ன முகாம் டிராஃபி அப்படிப்பட்டது: முகாமே கலைந்த பிறகு யாரோடு மீன்பிடிக்கப் போவது? 'எல்டன் ரிங்'-இல் ஒன்பது லெஜண்டரி ஆயுதங்களைச் சேர்க்க வேண்டும். அதில் 'போல்ட் ஆஃப் கிரான்சாக்ஸ்' தலைநகரில் இருக்கிறது. கதை நகர்ந்து அந்த நகரம் சாம்பலான பிறகு போனால் கிடைக்காது. 'தி விட்சர் 3'-இல் குவென்ட் என்ற சீட்டாட்டத்தின் சீட்டுகளை எல்லாம் சேர்க்கும் அச்சீவ்மென்டும் இதே ரகம். கதையின் நடுவில் வரும் ஒரு விருந்தில் சீட்டாடாமல் விட்டால் சில சீட்டுகள் கைநழுவிப் போகலாம்.

பிளாட்டினம், அதாவது மற்ற டிராஃபிகளை எல்லாம் எடுத்தால் கிடைக்கும் டிராஃபியை, வாங்கியே தீர வேண்டும் என்று முன்பே தெரிந்தவர், இந்த மாதிரி நாலைந்தை மட்டும் கதையை உடைக்காத ஒரு குறிப்பிலிருந்து தெரிந்துகொள்வது நல்லது. அதைவிட நல்லது, முடித்த நண்பர் ஒருவரிடம் கேட்பது. "தலைநகர் பக்கம் போனால் அவசரப்படாதே, நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு நகரு" என்று அவர் சொன்னால் போதும். என்ன, ஏது என்று தெரியாமலே வேலை நடந்துவிடும், ஆச்சரியமும் மிச்சமிருக்கும். 80 மணி நேரம் கழித்து ஒரு சீட்டுக்காக முதலிலிருந்து தொடங்குவது கொடுமை. அந்த எரிச்சல் அந்த கேமின் மேல் இருந்த பிரியத்தையே தின்றுவிடும்.

பிளாட்டினம் வேண்டுமா என்று தெரியாதவர் இதற்காகக் கவலைப்படவே வேண்டாம்.

எந்த கேமுக்கு எது

பட்டியலோடு தொடங்கலாமா என்று முடிவு செய்ய, நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தேடி எடுக்கும் பொருள் அந்த உலகத்துக்குள் எதையாவது செய்கிறதா? 2007-இல் வந்த 'கிராக்டவுன்'-இல் கூரைகளின் மேல் 500 பச்சை உருண்டைகள் இருக்கும். எடுக்க எடுக்க நாயகன் இன்னும் உயரமாகத் தாவுவான், தாவினால் இன்னும் உயரத்தில் இருப்பது கைக்கு எட்டும். அங்கே தேடல்தான் விளையாட்டே. முதல் நிமிடத்திலிருந்து துரத்துங்கள், ஒன்றும் குறையாது. 2018-இன் 'ஸ்பைடர்மேன்'-இல் 55 முதுகுப் பைகள் சுவரில் வலையால் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் பீட்டர் பார்க்கரின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு பொருள், அதைப் பற்றி அவன் சொல்லும் ஒரு வார்த்தை. இடமும் மேப்பிலேயே தெரிந்துவிடும். நகரத்தில் வலை விட்டு ஆடுவதே சுகம் என்பதால், பைக்குப் பை தாவுவது வேலையாகத் தெரியாது. இந்த மாதிரி கச்சிதமான உலகங்களில் பட்டியல் திறந்தே இருக்கட்டும்.

'எல்டன் ரிங்', 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' மாதிரி, எதையும் சொல்லாமல் நம்மையே கண்டுபிடிக்கச் சொல்லும் உலகங்களில் பட்டியலைத் திறப்பது நஷ்டம். 'ஸ்கைரிம்', 'விட்சர் 3' மாதிரி, நாம் யார் என்பதை நம் முடிவுகள் தீர்மானிக்கும் கேம்களிலும் முதல் சுற்று பட்டியல் இல்லாமல்தான். நடுவில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம்: மேப்பில் இருக்கும் ஐகான்களும் அச்சீவ்மென்டும் ஒன்றல்ல. 'விட்சர் 3'-இல் ஸ்கெல்லிகே கடல் முழுக்க மிதக்கும் கேள்விக்குறிகளைப் படகில் போய் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சலித்துப் போனவர்கள் நிறையப் பேர். அவற்றை எல்லாம் முடிக்கச் சொல்லி எந்த அச்சீவ்மென்டும் கேட்கவில்லை. அந்தக் கடலை அப்படியே விட்டுவிட்டுக் கதைக்குப் போகலாம்.

கன்சோலில் டிராஃபி அறிவிப்பை அணைத்துவைக்கும் வசதி செட்டிங்ஸிலேயே உண்டு. நான் அணைப்பதில்லை. பட்டியலைப் பார்க்காதவரை, எதிர்பாராமல் வரும் அந்த 'டிங்' எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு சோகமான காட்சியின் நடுவில் கோப்பை படம் வந்து விழுவது பிடிக்காதவர் தயங்காமல் அணைத்துவிடலாம்.

சேகரித்து முடிப்பதில்தான் இன்பம் காண்கிறவர்களும் இருக்கிறார்கள். கேம் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இலேயே, ஒரே கேமுக்குள் சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், மோத வருகிறவர் என்று நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகையைச் சேர்ந்தவரிடம் போய் 'ரசித்து விளையாடு' என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் சொல்வதெல்லாம், சுற்றிப் பார்க்க வந்துவிட்டு எப்படியோ டிக் அடிப்பதில் மாட்டிக்கொண்டவருக்கு. அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் உங்கள் கண் திரையின் நடுவில் இருந்ததா, மூலையில் இருக்கும் சின்ன மேப்பில் இருந்ததா? மேப்பில்தான் என்றால், அன்றைக்கு அதை மூடிவிட்டு வேறு எங்காவது குதிரையைத் திருப்பலாம்.

பாதி தூரம் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். இவ்வளவு செய்துவிட்டோமே, விட மனமில்லையே என்பார்கள். பட்டியலில் மிச்சமிருப்பதை ஒரே மூட்டையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அதைத் தேடிப் போகும் வழி பிடிக்கிறதா என்று கேட்டால் போதும். 'ரெட் டெட் 2'-இல் எனக்கு இரண்டு பாக்கி. 70 தங்கப் பதக்கம் கேட்கும் 'கோல்ட் ரஷ்' ஒன்று. பழைய மிஷன்களைக் கடிகாரத்தோடு திரும்ப ஓட எனக்கு ஆசையில்லை, பாதியில் விட்டுவிட்டேன். இன்னொன்று 'ஜூவாலஜிஸ்ட்', எல்லா விலங்குகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அது இன்னும் நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், கேமுக்குள் விடியும் நேரம் பார்த்து, குதிரையை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு, பைனாகுலரோடு நாணல் பக்கத்தில் குனிந்து உட்காருவேன். போன வாரம் நான் தேடிப் போன பறவை வரவில்லை. ஒரு மான் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேவ் பண்ணிவிட்டு எழுந்துவிட்டேன்.